துவைத்த சட்டை ஏன் நாற வேண்டும்?

என் பையன் ஏழாவது படிக்கிறான். போன மாதம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன், தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல், "அம்மா, இனிமே என் யூனிஃபார்மை மெஷின்ல போடாதம்மா, கையில துவைச்சுடு" என்றான். ஏன்டா என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டு தடவை அதட்டிய பிறகுதான் சொன்னான். பி.டி. பீரியட் முடிந்து வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறான். பக்கத்திலிருந்த பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிட்டானாம்.

அந்தச் சட்டையை அன்று காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான். முந்தின நாள் துவைத்தது. வெள்ளை வெளேர் என்று இருந்தது, எந்த வாடையும் இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் முப்பதாயிரத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்து, பன்னிரண்டு மாதத் தவணை கட்டி வாங்கிய, முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷினில் துவைத்த சட்டை அது. இதற்காகவா வாங்கினேன்? என் பிள்ளை நாறுகிறான் என்று நாலு பேர் சொல்லவா?

போன ஐப்பசி மழையில் ஆரம்பித்தது இது. மெஷின் கதவைத் திறந்தால் ஊறிப்போன மூட்டைத்துணி வாடை. துண்டைக் கொடியில் போட்டு எடுத்தால் சரியாக இருக்கும், குளித்துவிட்டுத் துடைத்தால் உடம்பெல்லாம் முடை நாற்றம். எங்கள் வீடு மேடவாக்கம் பக்கம். போர் தண்ணீர், வற்றினால் லாரித் தண்ணீர், இரண்டும் உப்பு. சரி, தண்ணீர்தான் காரணம், மழையில் காயாததுதான் காரணம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் மற்றவர்கள் வேறு காரணம் வைத்திருந்தார்கள். "கல்லுல அடிச்சுத் துவைச்ச காலத்துல இதெல்லாம் ஏது" என்று அத்தை. "துணியை உடனே எடுத்துக் காயப்போடணும், மெஷினுக்குள்ளேயே ஊற விட்டா?" என்று அவர். எட்டு மாதமாக இந்த வீட்டில் துணி நாறினால் என் கைதான் குற்றவாளி. ஒருவர்கூட மெஷினைச் சந்தேகப்படவில்லை. நானும் படவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

சர்வீஸுக்குச் சொன்னேன். ஒரு தம்பி வந்தார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், போர் தண்ணீரா என்று கேட்டார், ஆமாம் என்றதும் பையிலிருந்து உப்புப் படிவைக் கரைக்கும் டீஸ்கேல் பவுடர் நாலு பாக்கெட்டை எடுத்து மேலே வைத்தார். மாதம் ஒன்று போடுங்க மேடம் என்றார். பாக்கெட்டுக்கும் காசு, வந்து போனதற்கும் காசு. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. போட்டேன். நாலு நாள் நாற்றம் அடங்கியது, ஐந்தாம் நாள் வந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டேன், வேறொரு தம்பி வந்தார், அதே பாக்கெட். இந்த இரண்டு பேரும் குனிந்து மெஷினின் அடியில் வலது மூலையில் இருக்கும் அந்தச் சின்ன மூடியைத் திறக்கவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்களுக்குத் தெரியாதா? தினமும் பத்து மெஷின் பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

நடுவில் எத்தனை வைத்தியம்! துணிக்கு வாசனை கொடுக்கும் கண்டிஷனர் வாங்கி ஊற்றினேன். மல்லிகை வாசமும் முடை நாற்றமும் கலந்தால் எப்படி இருக்கும் என்று முகர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அது வெறும் வாசனை இல்லை, நூல்மேல் மெழுகு மாதிரி ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகிறது என்பது அப்புறம் புரிந்தது. துண்டு தண்ணீரை இழுக்காமல் வழுக்கும், அதனால்தான். அதே படலம் மெஷினுக்குள்ளும் படிந்துகொண்டே போகிறது. மாடி வீட்டு அக்கா அந்துருண்டை போடச் சொன்னார், நல்லவேளை அதைச் செய்யவில்லை. அப்புறம் வீடியோக்கள். வினிகரையும் சோடா உப்பையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்குகிறது, அதைக் காட்டி அழுக்கு வெளியேறுகிறது என்கிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துச் சாப்பிட்டுவிட்டு மிச்சம் இருப்பது ஏறக்குறைய உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். ஒரு வீடியோவில் பிளீச்சோடு வினிகரைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அதிலிருந்து வருவது குளோரின் வாயு. கதவைச் சாத்திய பாத்ரூமில் ஒரு பெண் அதைச் செய்தால் மூச்சு திணறும். லைக் வாங்குவதற்காக இதையெல்லாம் சொல்கிறவர்களை என்ன செய்வது?

பையன் அப்படிச் சொன்ன வாரம் சனிக்கிழமை, அட்டைப்பெட்டியிலிருந்து கையேட்டைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். ஆங்கிலம் இருக்கிறது, இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. நாற்பது பக்கம் தாண்டி, எறும்பு எழுத்தில், வடிகுழாய் வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யவும் என்று ஒரு வரி. நாலு வருடத்தில் அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் ஒரு தட்டை வைத்து, அந்த வடிகட்டியின் மூடியை மெல்லத் திருகினேன். முதலில் கறுப்புத் தண்ணீர். அப்புறம் கையளவு சேறு. தலைமுடி, மூன்று ஊக்கு, சட்டைப் பொத்தான்கள், ஒரு இரண்டு ரூபாய் நாணயம், பையன் மூன்றாவது படித்தபோது போட்ட சின்ன சாக்ஸ் ஒன்று. சாக்கடை மூடியைத் திறந்த நாற்றம். இந்தத் தண்ணீர் அங்கேயே தேங்கிக் கிடக்க, அதற்கு மேலே எங்கள் துணிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அடுத்து கதவோரத்து ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் இழுத்துப் பார்த்தேன், உள்ளே கறுப்பாக வழவழவென்று பாசி போல ஒன்று. பவுடர் போடும் டிராயரை நுனியில் அழுத்தி இழுத்தால் முழுசாக வெளியே வந்துவிடும், அதுவும் அன்றுதான் தெரிந்தது. அது இருந்த பொந்தின் மேல்பக்கம் முழுக்கப் பூஞ்சை. பழைய டூத் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துத் தேய்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியும் டிரம் பளபளவென்றுதான் இருக்கும். அதற்கு வெளியே இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாம் குடியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத சாம்பல் நிறக் கசடாகின்றன. உடம்பு எண்ணெய், கண்டிஷனர் மெழுகு எல்லாம் அதன்மேல் ஒட்டுகிறது. நுரை வரவில்லை என்று நான் இன்னொரு கரண்டி பவுடர் போட்டேனே, அதுவும் அங்கேதான் போய்ப் படிந்தது. கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு.

2012-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், துவைத்த துணியில் வரும் இந்த முடை நாற்றத்துக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்று பெயர். காய்ந்தாலும் சாகாது, வெயிலின் புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். துணி உலர்ந்திருக்கும்போது சும்மா கிடக்கும். ஈரம் பட்டதும் நாற்றத்தைக் கிளப்பும் அமிலத்தை உண்டாக்க ஆரம்பித்துவிடும். காலையில் நாறாத சட்டை பி.டி. பீரியட் முடிந்ததும் ஏன் நாறியது என்று இப்போது புரிகிறதா? என் பிள்ளை அழுக்காக இல்லை. என் கையிலும் குற்றமில்லை. மெஷினுக்குள்ளிருந்து சட்டையில் ஒட்டி வந்தது வியர்வை பட்டதும் விழித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அது பெருகுவதற்கு நாமே பாய் விரித்துக் கொடுக்கிறோம். எப்போதும் பச்சைத் தண்ணீர், எப்போதும் பதினைந்து நிமிஷ அவசர வாஷ். மெஷினுக்குள் ஹீட்டர் இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தோம். கரண்ட் பில்லுக்குப் பயந்து நாலு வருடத்தில் ஒரு தடவைகூட அதைப் போடவில்லை. 60 டிகிரியில் ஒரு தடவை ஓட்டினால் ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் செலவாகும். கண்டிஷனர் பாட்டிலுக்குக் கொடுத்த காசில் எத்தனை யூனிட் வந்திருக்கும்!

அன்று டிரம்மில் துணியே போடாமல், சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் பிளீச் பவுடரைப் போட்டு, மெஷினில் இருக்கும் அதிகபட்சச் சூட்டில் ஓட்டினேன். ஊறவைத்த அப்பளம் கிழிந்தது போலச் சாம்பல் நிறத் துண்டுகள் தண்ணீரோடு வந்தன. இரண்டாம் தடவையும் வந்தன. மூன்றாம் தடவைதான் தெளிந்தது. அதற்கப்புறமும் லேசாக ஒரு சாக்கடை வாடை. தேடினால், மெஷினை மாட்டிய நாளில் வடிகுழாயை பால்கனித் தரையில் தண்ணீர் போகும் துவாரத்துக்குள் (நாணி டிராப்) ஒரு முழம் திணித்து, சுற்றிலும் துணியை வைத்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காற்று போக இடமில்லை, சாக்கடை வாடை குழாய் வழியாக நேரே டிரம்முக்குள் ஏறியிருக்கிறது. வெளியே இழுத்து, உயரத்தில் கொக்கி போட்டு மாட்டினேன். அன்றோடு நின்றது.

விற்கும்போது அந்தக் கடைக்காரர் முக்கால் மணி நேரம் பேசினார். எத்தனை சுற்று வேகம், போனிலேயே எப்படி ஓட்டலாம், எத்தனை நட்சத்திரம் எல்லாம் சொன்னார். துவைத்து முடித்ததும் கதவைத் திறந்து வையுங்கள், ரப்பரைத் துடைத்துவிடுங்கள், மாதம் ஒருமுறை அடி மூடியைத் திறங்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும், சொல்லவில்லை. மெஷினை மாட்ட வந்தவரும் சொல்லவில்லை. (சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளில் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள், உள்ளே ஏறிவிடும்.) இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. அமெரிக்காவில் முன்பக்கக் கதவு மெஷினில் பூஞ்சை நாறுகிறது என்று வாங்கியவர்கள் சேர்ந்து வழக்கே போட்டார்கள். 2013-இல் சிகாகோவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியொரு கூட்டு வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம் என்று சொன்னது. அவ்வளவு தூரம் போன சங்கதியை இங்கே ஒரு ஸ்டிக்கரில் தமிழில் எழுதிக் கதவில் ஒட்டித்தர என்ன கேடு? ஒட்டினால் பவுடர் பாக்கெட் விற்காது, வருடாந்திர ஒப்பந்தம் விற்காது. வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

இப்போது துணி நாறவில்லை. துண்டும் யூனிஃபார்மும் சூட்டில்தான் ஓடுகின்றன. மாதம் பிறந்தால் அடி மூடியை அவர்தான் திறந்து கழுவுகிறார், அதை நான் கறாராகச் சொல்லிவிட்டேன். அத்தை ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் பையன் தினமும் காலையில் சட்டையை எடுத்ததும், கக்கத்துப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தடவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொள்கிறான்.