முதலில் மக்குத்தொட்டி, அப்புறம் மரக்கன்று

போன வாரம் பக்கத்துத் தெருவில் மரக்கன்று நடும் விழா. கூப்பிட்டிருந்தார்கள், போனேன். 50 கன்று, 50 குழி, பந்தல், போட்டோ எல்லாம் நல்லபடியாக நடந்தது. கிளம்பும்போது நலச்சங்கத்துப் பெரியவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "சார், மே மாசம் இதுக்கெல்லாம் யார் தண்ணி ஊத்துவாங்க?" "எல்லாரும் சேந்து பாத்துக்கலாம்மா" என்றார். மனதார சொன்னார், நல்ல மனிதர். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன கன்றுகளுக்கு என்ன ஆகும் என்பதை சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே ஒருமுறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடம் இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், சாலைகள் போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டு உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். உங்கள் பகுதியிலும் முள்ளும் கட்டட இடிபாடுமாக ஒரு மூலை கிடந்தால், அது இப்படிப்பட்ட இடமா என்று லே-அவுட் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். நமக்காக விடப்பட்ட இடம் அது.

2021 மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு அமைப்பு வந்து அங்கே 40 கன்று நட்டுக் கொடுத்தது. வேம்பு, புங்கை, பூவரசு, நீர்மருது என்று கன்றெல்லாம் நல்ல தேர்வுதான். கார்த்திகை வரை மழை பார்த்துக்கொண்டது. மாசியில் இலை உதிர்ந்தது, மே மாதம் போய்ப் பார்த்தால் 37 குச்சிகள். பிழைத்தது மூன்றே மூன்று புங்கை. மூன்றும் இஸ்திரி வண்டி அண்ணன் நிற்கிற பக்கம். துணியில் தெளிக்க வைத்திருந்த தண்ணீரில் மிச்சத்தை அவர் தினமும் சாயங்காலம் அதுகளுக்கு ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அந்த மூன்று மரத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. தினமும் ஒருவருக்கு அங்கே போக ஒரு வேலை இருந்தால் செடி பிழைக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் கூடுவதால் பிழைக்காது. சரி, ஒரு தெருவே தினமும் அந்த மூலைக்குப் போக என்ன வேலை இருக்கிறது? ஒவ்வொரு வீட்டிலும் தினமும் வெளியே போகிற பொருள் எது? காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு, வாடின பூ.

அது நடந்த நேரமும் அப்படி. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்ததே, நினைவிருக்கிறதா? நாள் கணக்கில் புகை. எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, மாமியாருக்கு இருமல் நிற்கவில்லை. நம் வீட்டு ஈரக் குப்பை காற்றுப் படாமல் மலைபோல் அமுங்கிக் கிடந்தால் உள்ளே மீத்தேன் உண்டாகும், அது எரிகிற வாயு. அந்த மேடு இருந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே 2022-இல்தான் அந்தச் சதுப்பு நிலத்தை ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். நான் காலையில் வண்டியில் போட்ட வாழைக்காய்த் தோல் ஆறு கிலோமீட்டர் போய்ப் புகையாகத் திரும்பி என் வீட்டுக்கே வருகிறது என்று தோன்றியது. அன்றைக்கு முடிவு பண்ணியதுதான், அந்த மூலையில் மக்குத்தொட்டி, அதாவது வீட்டுக் கழிவை மக்க வைத்து உரமாக்குகிற தொட்டி கட்டுவது என்று.

மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கினோம் (வாய்ச்சொல்லை நம்பி மண்ணைத் தொடாதீர்கள், நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால் காட்டத் தாள் வேண்டும்). செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, நாலடிக்கு நாலடி இரண்டு தொட்டி. சிமென்ட் பூசவில்லை, காற்று போகட்டும் என்று.

முதல் மாதம் தோற்றோம். ரசம் சோறு, சாம்பார், மீன் முள் எல்லாம் வந்து விழுந்தது. தொட்டி நொசநொசவென்று ஆகி, புழு ஏறி, நாற்றம். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், அவர் சொன்னதில் தப்பே இல்லை. அப்போது எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்கிற அக்கா, திருவண்ணாமலைப் பக்கம், எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "காஞ்ச சருகு எங்கம்மா? எருக்குழின்னா சாணி மேல சருகு, சருகு மேல சாணின்னு தான போடுவாங்க?"

அவ்வளவுதான் விஷயம். ஈரக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். மக்க வைக்கிற நுண்ணுயிருக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு வாளி காய்க்கழிவு போட்டால் இரண்டு மூன்று வாளி சருகு போட்டு மூடுங்கள், ஒரு கரண்டி புளித்த மோர் தெளியுங்கள். எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் இருக்கின்றன. அந்தச் சருகைப் பெருக்கி ஓரமாகக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது தூய்மைப் பணியாளர்கள் அதை மூட்டை கட்டி எங்களிடம் தருகிறார்கள், தெருவில் புகையும் நின்றது.

மார்கழிக் காலையில் அந்தத் தொட்டியைக் கிளறிப் பார்க்க வேண்டும். கம்பியை விட்டு ஒரு புரட்டு புரட்டினால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி எழும்பும். உள்ளே கை வைக்க முடியாத சூடு. பிள்ளைகள் அதைப் பார்க்கவே பள்ளிக்கூட வேனுக்கு முன்னால் ஓடி வருவார்கள். மூன்று மாதத்தில் அந்தச் சூடு அடங்கி, கையில் அள்ளினால் முதல் மழை வாசம் அடிக்கும். தோல் எது, சருகு எது என்று தெரியாது.

அதற்கப்புறம்தான் விதை. ஆடிப்பட்டம் பார்த்து வெண்டை, கத்தரி, அவரை போட்டோம், நடுவில் சிறுகீரை. சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும், சீக்கிரம் கண்ணில் பலன் தெரியும். கீரையை யார் பறிப்பது என்று ஒரு மனஸ்தாபம் வந்தது. முதல் கட்டு தூய்மைப் பணியாளர்களுக்கு, அடுத்தது யார் வாளி கொண்டு வருகிறார்களோ அவர்களுக்கு என்று பேசி முடித்தோம். தண்ணீருக்குக் கழுநீரும் போர் தண்ணீரும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றுகிற தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பு மண்ணில் சேர்ந்துவிடும்.

தோட்டக்கலைத் துறை தருகிற மாடித்தோட்டத் தளை (பை, விதை, தேங்காய்நார்க் கழிவு அடங்கிய தொகுப்பு) வாங்கிப் பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர் எனக்கே தெரியும். பையில் இருக்கிற தேங்காய்நார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் அதில் செடிக்கான சத்து ரொம்பக் குறைவு. கூட மக்கின உரம் கலக்காமல் விதை போட்டால் இரண்டு இலையோடு நின்றுவிடும். அந்த மாதிரி கைவிட்ட பைகளை எடுத்துக்கொண்டு ஏழு வீட்டார் எங்கள் தொட்டிக்கு வந்தார்கள், இன்றைக்கும் வருகிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து பாத்தியெல்லாம் மூழ்கிப் போனது. கத்தரி அழுகிவிட்டது. தண்ணீர் வடிந்த நாலாம் நாள் நான் போவதற்கு முன்னாலேயே ஆறு பேர் வாளியோடு நின்றார்கள், வீட்டில் சேர்ந்த கழிவை எங்கே கொட்டுவது என்று கேட்டு. அப்படியே மண்ணை அள்ளி ஒன்றரை அடி மேடு கட்டிப் பாத்தி போட்டோம்.

கன்று நடாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. தொட்டியை முதலில் கட்டுங்கள், ஆறு மாதம் தெரு அங்கே வந்து போகட்டும், கன்றை அப்புறம் நடுங்கள் என்கிறேன். நட்டாகிவிட்டது என்றால் இன்றைக்கே தொட்டி கட்டுங்கள்.

நேற்று அந்தப் பெரியவர் போன் பண்ணினார், ஒரு தொட்டிக்கு எத்தனை செங்கல் ஆகும் என்று. எங்களிடம் மிச்சம் கிடக்கிறது, ஞாயிறு காலை ஆறரைக்கு ஆள் அனுப்புங்கள் சார் என்று சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு மூட்டை பழைய மக்கின உரம், இரண்டு மூட்டை சருகு. இஸ்திரி அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார்.