நாளைக்கு வந்துவிடுகிறேன் அக்கா

இடம்: வியாசர்பாடி, ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி. ஆனி மாதம் பாதி ஓடிவிட்டது. ஆனாலும் கத்திரி வெயில் வீட்டைக் காலி செய்ய மறுக்கும் வாடகைக்காரர் போல உட்கார்ந்திருக்கிறது. தையல் மிஷின் முன்னால் வசந்தா அக்கா, வயது 46. ஸ்டூல் மேல் ஏறி ஃபேனைக் கழற்றிக்கொண்டிருப்பவர் எலக்ட்ரீஷியன் சேகர். அவர் வயதைப் பிறகு சொல்கிறேன், அதில் ஒரு தகராறு இருக்கிறது.

வசந்தா: ஃபேன் சுற்றவில்லை என்று உனக்கு எப்போது போன் செய்தேன் சேகர்?

சேகர்: போன வாரம் அக்கா.

வசந்தா: சித்திரை பிறந்த மறுநாள்.

சேகர்: நாளைக்கு வருகிறேன் என்றுதானே சொன்னேன்?

வசந்தா: எந்த நாளைக்கு என்று நான்தான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

சேகர்: மனசே சரியில்லை அக்கா. ஒரு அபார்ட்மென்ட்டில் வருஷக் கான்ட்ராக்ட் கிடைக்க இருந்தது. நாற்பது வீடு. எல்லாம் பேசி முடித்துவிட்டு, ‘சர்டிபிகேட் இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டார்கள்.

வசந்தா: நீ என்ன சொன்னாய்?

சேகர்: இருக்கிறது என்றேன். பையிலேயே இருக்கிறது, பாருங்கள்.

(டூல்ஸ் பையிலிருந்து லேமினேட் செய்த தாள் ஒன்று வெளியே வருகிறது.)

வசந்தா: கணக்கு, 34... தம்பி, இது பத்தாவது ஃபெயில் ஆன மார்க் ஷீட்.

சேகர்: ஆனால் ஒரிஜினல்.

வசந்தா: ஃபெயில் ஆனதை யாரப்பா லேமினேட் செய்வார்கள்?

சேகர்: அம்மாதான். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. கோபுர முத்திரையைப் பார்த்துவிட்டு, முக்கியமான காகிதம் என்று கடையில் கொடுத்துவிட்டார்கள். 2015 வெள்ளத்தில் டிவி போனது, பீரோ போனது, கல்யாண ஆல்பம் போனது. இது மட்டும் மிதந்து வந்து வாசற்படியில் ஒதுங்கி நின்றது.

வசந்தா: ஒரு மார்க்கில் போய்விட்டதே!

சேகர்: தொட்டிக் கணக்கு அக்கா. ஒரு குழாய் மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் நாலு மணி நேரத்தில் நிரப்பும், தொட்டி எப்போது நிரம்பும் என்று கேட்டிருந்தார்கள். மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் நிரம்பும் என்று எழுதினேன். திருத்தியவர் சென்னைக்காரர் இல்லை போலிருக்கிறது.

வசந்தா: சரி, அந்தக் கணக்கை மட்டும் தனித்தேர்வராக எழுதிவிடலாமே? நுங்கம்பாக்கம் டி.பி.ஐ., அந்தப் பள்ளிக்கல்வி அலுவலக வளாகத்தில்தான் தேர்வுத் துறை இருக்கிறது.

சேகர்: அங்கேயும் போனேன். பெயரை மாற்றிவிட்டார்களாம், வாசலில் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று போட்டிருந்தது. அந்த வாசலிலேயே நின்றுகொண்டு டி.பி.ஐ. எங்கே என்று மூன்று பேரிடம் கேட்டேன். அப்புறம் புதுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பழைய புத்தகத்திலாவது எனக்கு 34 மார்க்குக்குத் தெரியும்.

வசந்தா: அப்படியானால் ஓபன் ஸ்கூல். தேசிய திறந்தநிலைப் பள்ளி. எத்தனை வயதானாலும் சேரலாம். ஒரு தடவை சேர்ந்தால் ஐந்து வருஷம் செல்லும். அதற்குள் ஒன்பது தடவை பரீட்சை எழுத வாய்ப்பு.

சேகர்: ஒன்பதா! ஒரு தடவை ஃபெயில் ஆனதற்கே எங்கள் அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.

வசந்தா: ஐந்து பாடம். கணக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

(ஸ்டூல் ஒரு முறை ஆடி நிற்கிறது.)

சேகர்: கணக்கு இல்லாமல் பத்தாவதா? பதிலுக்கு என்ன அக்கா?

வசந்தா: பெயின்டிங் எடுக்கலாம்.

சேகர்: இரண்டு கோட்டாகவே அடித்துத் தருகிறேன்.

வசந்தா: அது படம் வரைகிற பெயின்டிங். இன்னொன்று, கணக்கும் அறிவியலும் இல்லாத பத்தாவதை வைத்துக்கொண்டு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு கிடைக்காது.

சேகர்: பார்த்தீர்களா, வாசல் வழியாகத் துரத்தினால் கொல்லைப்பக்கமாக வருகிறது!

வசந்தா: ஒயர்மேன் பிரிவு இருக்கிறதே. எட்டாவது பாஸ் போதும். இரண்டு வருஷம். கவர்மென்ட் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாய் அவர்களே தருவார்கள். யூனிஃபார்ம், ஷூ, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. முடித்துவிட்டு, பத்தாவதில் தமிழ், இங்கிலீஷ் இரண்டை மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்குச் சமம்.

சேகர்: கணக்கும் இல்லை, சைக்கிளும் உண்டு! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? எப்போது சேரலாம்?

வசந்தா: இப்போதுதான் சேர்க்கை. உனக்கு என்ன வயது?

சேகர்: அம்மா கணக்கா, சர்டிபிகேட் கணக்கா?

வசந்தா: ஆண்களுக்கு நாற்பதோடு சரி.

சேகர்: அம்மா கணக்கில் 39. ஆடிப்பெருக்கு அன்று பிறந்தேன். எம்.ஜி.ஆர். இறந்தபோது அம்மா இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை. சர்டிபிகேட்டில் 1.6.1985. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள். ஹெட்மாஸ்டர் கொடுத்தது.

வசந்தா: அதற்காக ஒரு வருஷம் கூட்டியா போடுவார்?

சேகர்: ஐந்து வயது ஆனால்தான் ஒன்றாம் வகுப்பு. அம்மா வேலைக்குப் போக வேண்டும், வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தலைக்கு மேலே கையைச் சுற்றி அந்தப் பக்கத்துக் காதைத் தொடு என்றார் ஹெட்மாஸ்டர். எட்டவில்லை. அம்மா பின்னாலிருந்து என் தலையைச் சாய்த்துப் பிடித்தார்கள். தொட்டுவிட்டேன். அன்றைக்கு அது எட்டாமல் இருந்திருந்தால் இன்றைக்குச் சைக்கிள் கிடைத்திருக்கும்!

வசந்தா: அம்மாவைக் கூட்டிப்போய்ச் சாட்சி சொல்லச் சொல்லேன்.

சேகர்: எம்.ஜி.ஆரையும் அல்லவா கூட்டிப்போக வேண்டும்? ஆமாம், இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்? பையனைச் சேர்க்கப் போகிறீர்களா?

வசந்தா: அவன் காலேஜ் போகிறான். இது எனக்கு. பெண்களுக்கு நாற்பது என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஒயர்மேனுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது.

சேகர்: நீங்களா? ஏன் அக்கா, தையல் நன்றாகத்தானே போகிறது?

வசந்தா: போன ஆடியில் சுவிட்ச்போர்டில் புகை வந்தது. நீ வந்தது புரட்டாசியில். மாசியில் மிஷின் மோட்டார் நின்றது. அதற்கு நீ வரவே இல்லை. சித்திரையில் இந்த ஃபேன். ஒரு நாள் விசிறியால் விசிறிக்கொண்டே கூட்டிப் பார்த்தேன். உனக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு வருஷப் படிப்பை முடித்துவிட்டு வரலாம் போலிருந்தது.

(சேகர் சிறிது நேரம் ஸ்க்ரூவை மட்டும் திருகுகிறார். அது ஏற்கெனவே இறுகிய ஸ்க்ரூ.)

சேகர்: எனக்கு ஒன்றுமே இல்லையா அக்கா?

வசந்தா: இருக்கிறது. அரசாங்கமே நடத்துகிற தகுதிகாண் தேர்வு. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

சேகர்: எனக்கு இரண்டாவது தடவையே நிரம்பப் போகிறது.

வசந்தா: ஒயரிங் வேலையில் ஐந்து வருஷ அனுபவம் வேண்டும்.

சேகர்: இருபது இருக்கிறது! என்ன தேர்வு அது?

வசந்தா: கம்பியாள் உதவியாளர்.

சேகர்: உதவியாளரா? யாருக்கு உதவியாளர்?

வசந்தா: கம்பியாளுக்குத்தான். ஒயர்மேன் என்பதற்குத் தமிழ் அதுதானே.

சேகர்: (ஸ்டூலிலிருந்து இறங்கி) இரண்டு வருஷம் கழித்து, இந்த ஹவுசிங் போர்டில் யார் அக்கா கம்பியாள்?

(வசந்தா அக்கா ஊசியில் நூல் கோக்கிறார்.)

வசந்தா: கண்டென்சரைப் பார்த்தாயா? அரை மணி நேரமாக ஒயரையே தடவிக்கொண்டிருக்கிறாய்.

சேகர்: (பார்க்கிறார்) ...கண்டென்சர்தான் போயிருக்கிறது. புதுசு வாங்க வேண்டும். நாளைக்கு வந்து...

(அக்கா நிமிர்ந்து பார்க்கிறார்.)

சேகர்: கீழே கடையில் இருக்கும். இதோ போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

வசந்தா: அப்படியே எனக்கு ஒரு டெஸ்டரும் வாங்கி வா.