ஃபோகஸ் தப்பிய லிங்கன்

ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்கும் இருந்தது. ஊரெல்லாம் மொபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையும்போது, கழுத்தில் பென்டாக்ஸ் கே1000-ஐ மாட்டிக்கொண்டு ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் யோசிப்பேன். மற்றவர்களுக்கெல்லாம் பார்க்கவே தெரியாது என்கிற நினைப்பு. ஸ்பெயினில் ஃபிகரெஸ் என்ற சின்ன ஊரில், கனவு மாதிரி விசித்திரமாக வரைந்த சர்ரியலிச ஓவியர் சல்வடோர் டாலி தனக்குத்தானே கட்டிக்கொண்ட மியூசியத்தில் அந்தத் திமிர் கொஞ்சம் இறங்கியது.

முதலில் விமான நிலையக் கதை. நான்கு ரோலையும் ஸ்கேனரில் போடாமல் கையால் சோதித்துக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "800 ஐஎஸ்ஓ வரைக்கும் ஒன்றும் ஆகாது" என்று உள்ளே தள்ளிவிட்டார்கள். (ஃபிலிம் எவ்வளவு எளிதில் வெளிச்சத்தைப் பிடிக்கும் என்பதற்கான எண் அது.) பழைய எக்ஸ்ரே இயந்திரம் என்றால் அது சரிதான். இப்போது வருகிற சிடி (CT) ஸ்கேனராக இருந்தால் 400 ஐஎஸ்ஓ ரோல்கூடப் புகைமூட்டம் போட்டதுபோல் ஆகிவிடும். அங்கே இருந்தது எது என்று தெரியாமல், வயிற்றில் புளியைக் கரைத்தபடிதான் பயணம் முழுக்கப் படமெடுத்தேன்.

சரி, மியூசியத்துக்கு வருவோம். ஃபிகரெஸ் டாலி பிறந்த ஊர். அங்கிருந்த நாடக அரங்கு 1939-ல், உள்நாட்டுப் போர் முடிகிற நேரத்தில் எரிந்துபோனது. கூரை போய்ச் சுவர் மட்டும் நின்ற அந்த இடிபாடுதான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார் மனிதர். 1974-ல் திறந்தார்கள். கூரை விளிம்பில் ராட்சத முட்டைகள். முற்றத்தில் ஒரு கேடிலாக் கார். காசு போட்டால் காருக்கு வெளியே அல்ல, உள்ளே மழை பெய்யும். ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட் பெயரில் ஓர் அறை; அங்கே உதடு ஒரு சோபா, மூக்கு ஒரு கணப்பு. படியேறி ஒரு லென்ஸ் வழியாகப் பார்த்தால்தான் எல்லாம் சேர்ந்து அந்த நடிகையின் முகமாகும். அதற்கு ஒரு வரிசை நின்றது பாருங்கள், தர்ம தரிசன வரிசை தோற்றது.

கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கீழே பழைய மேடை. அதன் தரையில் ஒரு வெறும் கல் பதித்திருக்கிறது. அதன் மேல் நடந்துபோன யாருக்கும் அது டாலியின் சமாதி என்று தெரிந்ததாகத் தெரியவில்லை. (டாலிதான் என் அப்பா என்று ஒரு பெண் போட்ட வழக்குக்காக 2017-ல் தோண்டி எடுத்துப் பார்த்தபோது மீசை அப்படியே பத்து மணி பத்து நிமிடம் காட்டிக்கொண்டிருந்ததாம். வழக்குப் போட்டவர் மகள் இல்லை என்று பரிசோதனையில் வந்தது.)

அந்தக் கூடத்தில்தான் லிங்கன் ஓவியம். கிட்டே போனால் டாலியின் மனைவி காலா, முதுகைக் காட்டி நிர்வாணமாக, சிலுவை வடிவ ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் சதுரம் சதுரமான வண்ணக் கட்டங்கள். 18 மீட்டர் தள்ளி நின்றால் ஆபிரகாம் லிங்கன் முகம் தெரியும் என்று ஓவியத்தின் தலைப்பிலேயே எழுதிவிட்டார் டாலி. ஆனால் அந்தக் கூட்டத்தில் 18 மீட்டருக்கு எங்கே போவது? எல்லோரும் மொபைலைத் தூக்கினார்கள். நான் மனதுக்குள் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது: சின்னத் திரையில் ஓவியம் சுருங்கியதும் லிங்கன் பளிச்சென்று வந்துவிடுகிறார். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

என் 50 எம்எம் லென்ஸில் எட்டிப் பார்த்தால் கண்ணால் பார்க்கிற அளவுதான் கிட்டத்தட்ட. காலாதான் தெரிந்தார். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பிக் கூர்மையாக்கினேன், இன்னும் தெளிவாகக் காலா. கை தவறி வளையம் மறுபக்கம் ஓடியது. எல்லாம் கலங்கியது. கலங்கலுக்குள்ளிருந்து தாடியும் கண்குழியுமாக லிங்கன் எழுந்து வந்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஆராய்ச்சியாளர் லியான் ஹார்மன் 1973-ல் இதைத்தான் காட்டியிருந்தார். லிங்கன் முகத்தைக் கொஞ்சம் கட்டங்களாக நறுக்கிவிட்டால், அந்தக் கட்டங்களின் கூர்மையான விளிம்புகளே முகத்தை மறைத்துவிடும். விளிம்பு மங்கினால் முகம் வரும். டாலி அதை எடுத்துக்கொண்டு மனைவியை உள்ளே நிறுத்திவிட்டார். பணத்தாசைக்காக டாலியின் பெயர் எழுத்துகளையே கலைத்து 'அவிடா டாலர்ஸ்' என்று கிண்டல் செய்தவர் சர்ரியலிச அறிக்கை எழுதிய ஆந்த்ரே பிரெத்தோன். ஐந்து டாலர் நோட்டில் இருப்பதும் லிங்கன்தான். டாலி வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, எனக்குச் சிரிப்பு வந்தது.

கலைக்கூடத்தில் மொபைல் கூடாது என்கிறவர்களோடு இனி நான் சேரமாட்டேன். மற்ற மியூசியம் எப்படியோ, இது பார்வையாளர் கையில் ஏதாவது ஒரு லென்ஸ் இருந்தால்தான் முழுமையாகும் இடம். 1948-ல் புகைப்படக்காரர் ஃபிலிப் ஹால்ஸ்மன் எடுத்த படத்தில் பூனைகளும் ஒரு வாளித் தண்ணீரும் அந்தரத்தில் பறக்க, இதே டாலி 25 தடவைக்கு மேல் குதித்தவர். கேமராவை வெறுக்கிற ஆளா அவர்?

அப்பர்ச்சர் 2, ஷட்டர் 1/30. வேண்டுமென்றே ஃபோகஸைக் கெடுத்து ஒரே ஒரு படம் எடுத்தேன்.

ரோல்கள் தப்பித்தன. லேபில் இருந்த தம்பி மட்டும் நெகட்டிவைக் காட்டி, "அண்ணா, இது ஃபோகஸே இல்ல. பிரிண்ட் போடணுமா? வேஸ்ட்" என்றான். போடச் சொன்னேன். வீட்டில் எல்லாப் படத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிக்கொண்டே வந்த அம்மா, அதில் மட்டும் நின்றார்.

"யாருடா இந்தத் தாடிக்காரர்? உன்கூட வந்தவரா?"