புது மலிவு ஸ்பிரிங்கா, பழைய ஒறிஜினலா? காரைப் பதிக்க நினைக்கும் தம்பிமாருக்கு

இன்பொக்சில் இந்தக் கேள்வி வராத கிழமை இல்லை. "அண்ணை, 121க்கு லோவரிங் ஸ்பிரிங் போடப்போறன். ஒரு செட் மலிவாப் போகுது, எடுக்கவா? இல்லாட்டிக் காசு சேத்து டெயின் எடுக்கவா?" 121 என்பது டொயோட்டா கொரோலாவில் ஒரு மாடல். லோவரிங் ஸ்பிரிங் என்பது காரின் உயரத்தைக் குறைக்க, அதாவது பதிக்க, போடுகிற ஸ்பிரிங். டெயின் அதைச் செய்கிற யப்பான் கம்பனி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். என் கருத்தை முழுதாக இங்கேயே போட்டுவிடுகிறேன். சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் பிடிக்கலாம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஊர் தெரியாத புது ஸ்பிரிங்கைவிட, யப்பானில் கழற்றி வந்த, பெயர்போன கம்பனியின் பழைய ஒறிஜினல் லோவரிங் ஸ்பிரிங் நல்லது. அதிலும் 25, 30 மில்லிமீற்றருக்கு மேல் பதிக்காத செட்டாகப் பாருங்கள். அதுவும் கிடைக்கவில்லையா, காரோடு வந்த கம்பனி ஸ்பிரிங்கைத் தொடாமல் அந்தக் காசுக்கு நல்ல ரயர் போடுங்கள். மலிவு செட் என் பட்டியலில் மூன்றாவதாகக்கூட இல்லை.

ஏன் இப்போது இவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்பதும் விளங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பக் கதவு திறந்தது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. புதுக்கார் வாங்க வழியில்லாதவன் கையில் இருக்கிற இருபது வருசத்துக் கொரோலாவையோ ஹொண்டா ஈகே சிவிக்கையோதான் வடிவாக்கிப் பார்ப்பான். அதில் ஒரு பிழையும் இல்லை. சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளியோடு நிற்கிற 121ஐ இரண்டு விரலுக்குக் கொண்டுவந்தால் காரின் முகமே மாறிவிடும். எனக்கும் பிடிக்கும்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். ஒரு ஸ்பிரிங்கின் பலத்தைத் தீர்மானிப்பவை கம்பியின் உருக்கு, கம்பியின் தடிப்பு, சுருளின் விட்டம், வேலை செய்கிற சுற்றுகளின் எண்ணிக்கை. இதில் தடிப்புத்தான் பொல்லாதது. பலம் தடிப்பின் நாலாம் அடுக்கோடு ஏறி இறங்கும். 12 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய கம்பி 11.5 ஆனால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பலத்தில் ஏறக்குறைய 16 வீதம் போய்விடும். விற்கிறவர் போடுகிற படத்தில் இது எங்கே தெரியப்போகிறது? படத்தில் தெரிவது நிறம் மட்டும்தான்.

அப்புறம் செய்முறை. நல்ல கம்பனிகள் குரோமும் சிலிக்கனும் சேர்ந்த உருக்குக் கம்பியைச் சுற்றிப் பதப்படுத்திவிட்டு இன்னும் இரண்டு வேலை செய்கின்றன. சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக மேலே அடித்து மேற்பரப்பை இறுக்குவது ஒன்று. ஷொட் பீனிங் என்பார்கள். ஸ்பிரிங் உடைவது அனேகமாக மேற்பரப்பில் ஒரு மயிரிழை வெடிப்பில்தான் தொடங்கும். மேல்தோல் அமுங்கி இறுகி இருந்தால் அந்த வெடிப்பு இலகுவில் வாய் திறக்காது. மற்றது, சுற்றோடு சுற்று முட்டும்வரை அமுக்கி விடுவது. குந்தவேண்டியது பக்டரியிலேயே குந்திவிடும், காரில் போட்டபின் உயரம் பெரிதாக மாறாது. அதற்குமேல் பொஸ்பேற் பூச்சு, பவுடர் கோட்டிங். இவற்றில் எதைச் செய்யாமல் விட்டாலும் வெளியே பார்க்க ஸ்பிரிங் ஸ்பிரிங்காகத்தான் இருக்கும். பெயின்ற் அடித்தால் இன்னும் பளபளக்கும். விலை குறைவது இந்த இடத்தில்தான்.

போன மாரிக்கு முன் கிளிநொச்சியில் தெரிந்த கராஜ் ஒன்றில் அப்படி ஒரு செட் வந்து கிடந்தது. இரத்தச் சிவப்பு. பெட்டியில் கம்பனிப் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை, 'ரேசிங்' என்று மட்டும் பெரிதாக அடித்திருந்தது. பாஸ் முன் ஸ்பிரிங் இரண்டையும் சீமெந்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஒரு தட்டைக் கம்பியை வைத்தார். கம்பி சரிந்து நின்றது. அளந்தால் ஒன்றுக்கு மற்றது 5 மில்லிமீற்றர் உயரம். ஒரே பெட்டிக்குள் இருந்து வந்த சோடி! கீழ்முனை, சொக்கின் இருக்கையில் இருக்கிற படியில் சரியாகப் போய் முட்டவேண்டும். வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் தள்ளி நின்றது. ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒருக்கா சுரண்டினார், பெயின்ற் தோல் தோலாகக் கழன்றது. கீழே பொஸ்பேற் பூச்சின் சாம்பல் நிறம் இல்லை, நேரே கறுத்த இரும்பு. "இதைப் போட்டால் என்ர பேர்தான் கெடும் தம்பி" என்றார். கார்க்காரப் பொடியன் கேட்கவில்லை, காசு கொடுத்தாயிற்று, போட்டே ஆகவேண்டும் என்று நின்றான். சில மாதத்தில் பின்பக்கம் குந்தியது. பிறகு முன்னால் இடப்பக்க ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முறிந்து, முறிந்த முனை ரயரின் பக்கச் சுவரைக் கிழித்தது. ஊருக்குள் மெதுவாக வரும்போது நடந்தபடியால் ரயரோடு போயிற்று. ஏ9இல் நூறில் வரும்போது நடந்திருந்தால் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

"பெயருக்குத்தான் காசு வாங்குறாங்கள்" என்று ஒரு கதை இருக்கிறது. அரைவாசி உண்மை. பெயருக்கும் காசு இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சட்டம் கட்டிப் போட்டிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஜேர்மனியில் ஐபாக், எச் அன்ட் ஆர் போன்ற ஸ்பிரிங் கம்பனிகள் டியூவ் என்ற தொழில்நுட்பப் பரிசோதனை அமைப்பின் சான்றோடு விற்கிறார்கள், ஏனென்றால் சான்றில்லாத ஸ்பிரிங்கோடு அங்கே கார் ரோட்டில் ஓடமுடியாது. யப்பானில் கட்டாய வாகனப் பரிசோதனையில் காரின் அடிக்கும் நிலத்துக்கும் இடையில் 9 சென்ரிமீற்றர் இருக்கவேண்டும். டெயின், ஆர்எஸ்ஆர், தனாபே போன்ற கம்பனிகள் அந்தப் பரிசோதனையைத் தாண்டவேண்டும் என்று கணக்குப் பார்த்து, சேசிஸ் கோட் (காரின் மாடல் குறியீடு) வாரியாகத் தனி நம்பர் போட்டுச் செய்கிறார்கள். பிழைத்தால் பதில் சொல்ல ஒரு முகவரி இருக்கிறது. 'ரேசிங்' பெட்டிக்கு எந்த முகவரி?

இதைச் சொன்னவுடன் "சீனாச் சாமான் எல்லாம் கூடாது" என்று ஒருவர் வருவார். அதுவும் சரியில்லை. டெயினுக்கே சீனாவில் பக்டரி இருக்கிறது. எந்த நாட்டில் செய்தது என்பதைவிட, செய்தவன் யார், உங்கள் காருக்கென்று செய்தானா என்பதுதான் எனக்கு முக்கியம்.

இனி நம்முடைய ரோட்டுக்கு வருவோம். கொழும்புப் பொடியள் சொல்வதைக் கேட்டு இங்கே ஸ்பிரிங் போடக்கூடாது என்று நான் கத்துவது இதனால்தான். ஏ9 காப்பெட். ஓமந்தை தாண்டினால் ஆனையிறவு வரைக்கும் பெரிய கரைச்சல் இல்லை. முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் நாங்கள் எல்லாரும் ஏ9இலா குடியிருக்கிறோம்? அக்கராயன் பக்கம், மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் உள்பக்கம் எங்கே திரும்பினாலும் கொஞ்ச தூரத்தில் கிரவல் தொடங்கிவிடும். மதகுகளைக் கவனித்திருப்பீர்கள். கொங்கிறீற் அப்படியே நிற்கும், இரண்டு பக்கத்து மண் ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் இறங்கும். ஏறும்போது ஒரு படி, இறங்கும்போது ஒரு படி. புகையிரதக் கடவை வேறு. மழை நாளில் குழி முழுக்கத் தண்ணீர், ஆழம் கடவுளுக்குத்தான் தெரியும்.

சாதாரண யப்பான் கார் ஒன்றின் அடி நிலத்தில் இருந்து 140, 160 மில்லிமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. கனபேர் இந்த உயரத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். எனக்குப் பயம் மற்றக் கணக்கில். கார் நிற்கிற நிலையில் இருந்து சொக் மேலே போய் பம்ப் ஸ்டொப்பர் ரப்பரில் முட்ட 80 மில்லிமீற்றர் இருக்கிறது என்று வையுங்கள். 30 பதித்தால் மிச்சம் 50. 60 பதித்தால் மிச்சம் 20. இனி வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போக அம்மா, அப்பா, பிள்ளைகளை ஏற்றி, டிக்கியில் அரிசி, பானை, விறகு எல்லாம் அடுக்கினால் அந்த 20உம் கார் புறப்பட முன்னமே முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஸ்பிரிங்குக்கு வேலை இல்லை, கார் ரப்பரில் ஓடுகிறது. ஒவ்வொரு மதகிலும் அடி நேரே காரின் பொடியில் விழும். சொக்கின் மேல் மவுன்ட் போகும், பிறகு அது பொருத்தியிருக்கிற தகரமே வெடிக்கத் தொடங்கும்.

நல்ல கம்பனி பதிக்கிற அளவுக்கு ஏற்ப ஸ்பிரிங்கின் பலத்தைக் கூட்டும். குறைந்த தூரத்துக்குள் அதே அடியைத் தாங்கவேண்டுமே. அதனால்தான் கொஞ்சம் இறுக்கமாக ஓடும். மலிவு செட்டைப் போட்டுவிட்டு "அண்ணை, சொவ்ட்டா ஓடுது, சூப்பர்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பதிவாகவும் சொவ்ட்டாகவும் ஓடினால் சந்தோசப்பட அதில் ஒன்றும் இல்லை, அடுத்த கிரவல் ரோட்டு வரைக்கும்தான் அது.

பெயர்போன கம்பனியின் செட் என்றாலும் எல்லாம் நமக்கு உதவாது. அதே கம்பனி கூடப் பதிக்கிற செட்டும் விற்கும், அது அவர்களின் ரோட்டுக்கு. 121 நல்ல உதாரணம். என்இசட்ஈ 121 என்றால் முன்சில்லு இழுவை, 124 என்றால் நாலு சில்லு இழுவை, பின்பக்க அமைப்பே வேறு. 1.8 என்ஜின் வந்தால் முன்பாரமும் மாறும். 'கொரோலா ஸ்பிரிங்' என்று பொதுவாக விற்கிறவரிடம் ஒறிஜினல் பெட்டியே இருந்தாலும் வாங்காதீர்கள். பெட்டியும் ஸ்டிக்கரும் அடிப்பது இந்தக் காலத்தில் பெரிய வேலையும் இல்லை. ஈகே சிவிக்காரர் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அதில் முன்னும் பின்னும் டபுள் விஷ்போன், அதாவது சில்லை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும். பதிக்கப் பதிக்கச் சில்லின் தலை உள்ளே சரியும்.

ஸ்பிரிங்கை வெட்டுகிற கூட்டத்துக்குத் தனிப் பதிவு எழுதமாட்டேன், இங்கேயே சொல்கிறேன். கிரைண்டரால் ஒரு சுற்றை வெட்டினால் பலம் கூடும், ஆனால் முனை இருக்கையில் சரியாக உட்காராது, ஜக் அடித்தால் ஸ்பிரிங் ஆடும். காஸ் அடித்துச் சூடாக்கிக் குந்தவைப்பது அதைவிட மோசம். பதம் போன இடம் ஸ்பிரிங்கே இல்லை, வெறும் இரும்பு.

சரி, பழையதை எப்படிப் பார்த்து எடுப்பது? பஞ்சிகாவத்தையிலும் தெல்கந்தப் பக்கமும் யப்பானில் கழற்றிய செட் வரும். கையில் எடுத்தவுடன் கம்பியில் அச்சடித்த நம்பரைத் தேடுங்கள். இருந்தால் அங்கேயே போனில் அடித்து உங்கள் சேசிஸ் கோட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பிறகு கடைசி இரண்டு சுற்றையும் துணியால் துடைத்துப் பாருங்கள். பனிக்கு ரோட்டில் உப்புப் போடுகிற யப்பான் ஊர்களில் ஓடிய காராக இருந்தால் அங்கேதான் தின்றிருக்கும். மேலாகத் துரு என்றால் பரவாயில்லை, நகம் போய் நிற்கிற அளவுக்குக் குழி விழுந்திருந்தால் கடைக்காரர் சும்மா தந்தாலும் வேண்டாம். முல்லைத்தீவுக் கரையோரம் இருப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம், இங்கேயும் உப்புக்காற்றுத்தான். சோடியைத் தரையில் நிறுத்தி உயரம் பாருங்கள். பீனிங் செய்த நல்ல உருக்கு, குழி விழாவிட்டால், பழசு என்பதற்காக மட்டும் உடையாது. பழைய ஒறிஜினலை நான் நம்புவதற்குக் காரணம் அதுதான்.

மிச்சம் பிடிக்கிற காசைச் சொக்குக்குப் போடுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இறுக்கமான ஸ்பிரிங்கை ஓய்ந்துபோன சொக்கில் போடுவது மூக்கணாங்கயிறு இல்லாத நாம்பனை வண்டியில் பூட்டுவது மாதிரி. யப்பானின் கேவைபீ கம்பனி நியூ எஸ்ஆர் ஸ்பெஷல் என்று ஒரு சொக் செய்கிறது, அதை லோவரிங் ஸ்பிரிங்கோடும் போடலாம். அது கிடைக்காவிட்டால் அவர்களின் சாதாரணப் புதுச் சொக்கே 30 மில்லிமீற்றருக்குப் போதும் என்பது என் எண்ணம். பம்ப் ஸ்டொப்பரையும் மேல் மவுன்ட் ரப்பரையும் அதோடேயே மாற்றிவிடுங்கள், திரும்பக் கழற்றினால் திரும்பக் கூலி.

போட்டு ஒரு கிழமை ஓட்டியபின் எலைன்மென்ட். முன்சில்லின் டோ, அதாவது சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, கட்டாயம் மாறியிருக்கும். அதைப் பார்க்காமல் ஓடினால் ரயரின் உள்விளிம்பை அது சத்தமில்லாமல் தின்றுவிடும், வெளியே பார்க்கப் புது ரயர் மாதிரியே இருக்கும். ஹெட்லைட் உயரத்தையும் ஒருக்கா சரிபாருங்கள். இரவில் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கிற மாடு தெரியவேண்டும்.

இன்னும் கேள்வி இருக்கிறவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்கும்போது சேசிஸ் கோட், என்ஜின், வழமையாக ஓடுகிற ரோடு மூன்றையும் போட்டுக் கேளுங்கள். "அண்ணை, என்ர காருக்கு எது நல்லம்?" என்று மட்டும் கேட்டால், "கம்பனி ஸ்பிரிங்" என்றுதான் பதில் வரும்.