காசு கொடுத்துப் போட்டதா தம்பி?

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு அல்சூரில் இருக்கும் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்கு என் சிறுகதைத் தொகுப்பில் இரண்டு பிரதி கொடுக்கப் போயிருந்தேன். அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அட்டையைத் தடவினார், பின்பக்கம் திருப்பினார். "காசு கொடுத்துப் போட்டதா தம்பி?" என்றார். கேலியெல்லாம் இல்லை, விசாரிப்புதான். "ஆமாங்க ஐயா" என்றேன். "ஓ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முதல் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை.

அந்த "ஓ" மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஐயா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களில் ஒன்று இதே தொகுப்பின் முதல் பதிப்பு. 2019இல் ஒரு நிறுவனத்திடம் 45,000 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம். அட்டை, வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண், 100 பிரதி, எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். கோலார் தங்கவயலில் பிறந்து, மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனவன் நான். கதைகளும் அந்த ரயிலைப் பற்றியவைதான். புத்தகம் கைக்கு வந்தபோது 'லைன் வீடு' என்று நான் எழுதிய இடமெல்லாம் 'வரிசை வீடு' ஆகியிருந்தது. யாரோ திருத்தியிருக்கிறார்கள்! சில பக்கங்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. யூனிகோடு எழுத்தைத் தமிழுக்குச் சரியாக அமைக்காத மென்பொருளில் ஒட்டினால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதை அச்சுக்கு முன் ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை. நானும்தான். 'புரூஃப் ஓகே' என்று வாட்ஸப்பில் கட்டைவிரலைத் தூக்கியவன் நான்.

பேக்கேஜில் பெருமையாக எழுதியிருந்த ஐஎஸ்பிஎன்னுக்கு இந்தியாவில் கட்டணமே கிடையாது. டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் அரசு முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தின் எண்ணில் வந்தால், ஏட்டில் பதிப்பாளர் அவர்கள்தான். பணம் என்னுடையது, பதிப்பாளர் பட்டம் அவர்களுக்கு!

ஒப்பந்தத்தில் அந்த நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த உரிமையைத் திருப்பிக் கேட்டு மெயில் மேல் மெயில் போட்டேன், பதில் இல்லை. ரயில் சிநேகிதரான ஒரு வக்கீல் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். அதில் காலவரையறையே எழுதவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆவது பிரிவு: காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ள வேண்டும். 2024இல் என் கதைகள் எனக்கே திரும்பி வந்தன. கையெழுத்துப் போடும் முன் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

இரண்டாம் பதிப்பை நானே போட்டேன். இந்தத் தடவை பெரிய செலவு அச்சுக்கு இல்லை. ஸ்ரீராமபுரத்தில் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு 12,000 கொடுத்தேன். இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். ஒற்றுப் பிழையோடு நிற்கவில்லை. "இந்த மூணு கதையும் வேண்டாம், தூக்கிடுங்க" என்றார். சண்டை போட்டேன், அப்புறம் தூக்கினேன். 'லைன் வீடு' என்பதில் மட்டும் கை வைக்கவே இல்லை. "உங்க ஊர்ல அப்படித்தானே சொல்வீங்க?" என்றார், அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இதைத்தான். சொந்தமாகப் புத்தகம் போடுகிறோம் என்றால் நாம் பதிப்பாளர் ஆகிறோம். பதிப்பாளரின் வேலை அச்சடிப்பது இல்லை, அதற்கு அச்சகம் இருக்கிறது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட உ.வே.சா. முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறோமே, அதேதான். ஆனால் அதற்கு முன் எத்தனை சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார், எத்தனை ஆண்டு உட்கார்ந்தார்! பணம் திரட்டுவதை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம்.

பதிப்பகம் போட்டால் தரம், நாமே போட்டால் குப்பை என்ற கணக்கும் இப்போது செல்லாது. ஆஃப்செட் காலத்தில் ஆயிரம் பிரதி அடித்தால்தான் விலை கட்டுப்படியாகும். அவ்வளவு முதல் போடுகிறவர் நாலு தடவை யோசிப்பார். பிரிண்ட் ஆன் டிமாண்ட், அதாவது தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் அச்சடிக்கும் முறை, வந்தபின் 50 பிரதிகூட அடிக்கலாம், பதிப்பகங்களும் அதைத்தான் செய்கின்றன. முதல் குறைந்ததும் யோசிப்பதும் குறைந்துவிட்டது. எடிட்டரே இல்லாத பதிப்பகங்கள் எத்தனை! "நீங்களே 100 பிரதி வாங்கிக்கணும்" என்று எழுத்தாளரிடம் காதோடு சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே வந்த புத்தகத்துக்கு யாரும் "ஓ" சொல்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கருவிகளுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. நம் புத்தகத்தை நாமே அச்சிட்டு விற்க 2008இல் தொடங்கிய போத்தி.காம், இணையத்தில் கதை எழுத 2014இல் தொடங்கிய பிரதிலிபி, இரண்டும் பெங்களூருதான். 2016 கடைசியில் அமேசானின் கிண்டிலுக்குத் தமிழ் மின்னூல்களும் வந்துவிட்டன. (அங்கே மின்னூல் போடும்போது கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. பலர் இதைப் படிக்காமலே டிக் அடிக்கிறார்கள்.) ஆனால் அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவென்யூ ரோட்டிலும் சர்ச் ஸ்ட்ரீட்டிலும் அலைந்து பார்த்தேன். 220 ரூபாய் புத்தகத்தில் ஒரு பிரதி அடிக்க எனக்கு 95 ஆகிறது. கடைக்கு 40 சதவீதம், அது 88. மிச்சம் 37, அதில் கூரியர் வேறு. அதனால் ரயிலில் கையோடு விற்கிறேன்.

வரும் ஞாயிறும் சங்கத்துக்குப் போவேன். ஐயா வந்திருந்தால், 47ஆம் பக்கத்தைத் திறந்தே கையில் கொடுப்பதாக இருக்கிறேன். டீச்சர் என்னை ஐந்து தடவை எழுத வைத்த கதை அங்கேதான் தொடங்குகிறது.