நாலு பேர் கேட்கிற கச்சேரி

நம் ஊர் அரங்கத்துக்குத் தருகிற மானியத்தை எதிர்த்து மன்ற உறுப்பினர் ஒருவர் பேசிய அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்ப இங்கே போடப் போவதில்லை. "நாலு பேர் உட்கார்ந்து கேட்கிற கச்சேரிக்கு ஊர் வரிப்பணமா? அரங்கம் சொந்தக் காலில் நிற்கட்டும்." உடனே மேசை தட்டல், சிரிப்பு. இரண்டு நாளில் ஒன்பது வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து எனக்கு இது வந்துவிட்டது. அதில் மூன்று, நாங்கள் நாடகம் போடுவதற்காக ஆரம்பித்த குழுக்கள்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

சொந்தக் காலில் நிற்கட்டும். சரி. நூலகம் சொந்தக் காலிலா நிற்கிறது? தெருவிளக்கு போன மாதம் எவ்வளவு லாபம் காட்டியது? பூங்காவில் நடக்க வருகிறவர்களிடம் சுற்றுக்கு இவ்வளவு என்று வாங்கித்தான் புல் வெட்டுகிறோமா? அங்கெல்லாம் யாரும் கேட்காத கணக்கு, மேடை என்றதும் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடுகிறது.

அரங்கத்தை நடத்துகிறவர்களுக்குத் திறமை போதாது என்று ஒருவர் காணொளிக்குக் கீழே எழுதியிருந்தார். ஐயா, 1966இலேயே வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஆலையில் இயந்திரம் மாற மாற ஒரே ஆள் பல மடங்கு துணி நெய்கிறார், கூலி ஏறினாலும் ஆலை தாங்கும். பேத்தோவன் நால்வருக்கு எழுதிய இசையை வாசிக்க அன்றைக்கும் நாலு பேர், இன்றைக்கும் நாலு பேர், ஆகிற நேரமும் அதே நேரம். மூன்று பேரை வைத்துப் பாதி நேரத்தில் முடித்துக்காட்டினால் அதைத் திறமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த நாலு பேரும் இன்றைய விலைவாசியில்தானே வீட்டு வாடகை கட்ட வேண்டும்? செலவு ஏறுகிற வேகத்துக்கு டிக்கெட் விலையை ஏற்றினால் நாலு பேர்கூட வர மாட்டார்கள். யார் வந்து நிர்வாகம் பண்ணினாலும் வரவுக்கும் செலவுக்கும் நடுவில் இந்த இடைவெளி இருக்கும். அதை யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும்.

சொந்தக் காலில் நிற்கிற அரங்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு தனியார் அரங்கில் தேதி வாங்கினோம். எட்டு மாத ஒத்திகை, எல்லோரும் வேலை முடிந்து வந்து செய்தது. பதினோரு நாள் இருக்கும்போது ஃபோன் வந்தது. "உங்க தேதியில ஒரு கம்பெனி ஆண்டுவிழா வந்திருக்கு, தப்பா நினைச்சுக்காதீங்க." தப்பாக எல்லாம் நினைக்கவில்லை. அவர்கள் நம்மைவிட நாலு மடங்கு தருகிறார்கள், கடைக்காரர் கடைக்காரராக நடந்துகொண்டார். கடைசியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டோம். தலைக்கு மேல் மின்விசிறிகளின் கடகட சத்தம், அதை நிறுத்தினால் வெக்கை. சாகக் கிடக்கிற தாய் மகனின் காதில் ரகசியம் சொல்கிற காட்சி, அந்த ரகசியத்தைக் கத்திச் சொன்னாள் அந்தத் தாய். ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு நடிக்கவில்லை. இதைச் சொல்ல வந்தது அனுதாபத்துக்காக அல்ல. சரி, கொஞ்சம் அதற்கும்தான்.

இப்போது வருவார்கள், இசையரங்கம் கட்டப்போய்ச் செலவு எகிறிய ஜெர்மனியின் ஹாம்பர்க்கைப் பார் என்று. பார்த்தேன். நகரத்தின் பங்கு 7.7 கோடி யூரோ என்று ஆரம்பித்து, 2017இல் அந்த இசையரங்கைத் திறக்கும்போது 78.9 கோடியில் வந்து நின்றது. சிட்னியின் ஓபரா அரங்கத்துக்கு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்றது 10.2 கோடி ஆனது, அதில் பெரும்பகுதி லாட்டரிச் சீட்டுப் பணம். ஒத்துக்கொள்கிறேன், ஊதாரித்தனம். ஆனால் நாம் கேட்பது கடலோரத்தில் மாளிகையா? கூரை, ஐயா. ஒழுகுகிற கூரை.

ஃபோனிலேயே எல்லாம் கேட்கலாமே என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

ஒரு கேள்வி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு தம்பி கேட்டிருந்தான், "அண்ணே, உள்ளே உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் உங்களை மாதிரி ஆளுங்கதானே, எங்க அப்பா கட்டுற வரியில நீங்க ஏன் பாட்டு கேட்கணும்?" நியாயம்தான். வரிசை வரிசையாக முகங்களை நினைத்துப் பார்த்தேன், அவன் சொல்வது பெரும்பாலும் உண்மை. அப்படியானால் அவன் அப்பாவையும் உள்ளே கொண்டுவர என்ன வழி என்று கேள், டிக்கெட்டைக் குறைக்கச் சொல், ஞாயிறு மதியம் இலவசமாகத் திறக்கச் சொல், நானும் உன்னோடு வந்து சண்டை போடுகிறேன். மானியத்தை நிறுத்தினால் முதலில் ஏறப்போவது டிக்கெட் விலைதான். அப்போது என்னை மாதிரி ஆளுங்க மட்டும்தான் உள்ளே இருப்போம். இது முழுப் பதிலா என்று தெரியவில்லை தம்பி.

நடுவில் ஒன்று. போர்க்காலத்தில் கலைக்கான பணத்தை வெட்டச் சொன்னபோது "அப்புறம் எதற்காகப் போரிடுகிறோம்" என்று சர்ச்சில் கேட்டாராம், என் பக்கத்து ஆட்களே நேற்றிலிருந்து பரப்புகிறார்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. தயவுசெய்து அழித்துவிடுங்கள். அவர் சொல்லாவிட்டால் என்ன, போர் நடந்துகொண்டிருந்த 1940லேயே பிரிட்டனில் இசைக்கும் நாடகத்துக்கும் பணம் தர ஒரு அமைப்பு தொடங்கினார்கள், அரசும் பணம் போட்டது. பிற்பாடு அதன் தலைவராக வந்தவர் பொருளாதார மேதை கெய்ன்ஸ். காசைப் பற்றி அவருக்கும் ஏதோ கொஞ்சம் தெரிந்திருக்கும் அல்லவா?

ஆனால் எனக்கு வலித்தது அந்த உறுப்பினர் பேசியது இல்லை. அவர் இந்த அரங்கத்துக்குள் ரிப்பன் வெட்டத் தவிர வந்ததில்லை. அந்தக் காணொளிக்குக் கீழே கைதட்டுகிற பொம்மை மூன்று போட்டிருந்த ஒருவர். அவர் மகள் முதல்முறை மேடை ஏறியது அங்கேதான், ஏழு வயது. பயத்தில் நடு மேடைக்கு வராமல் ஓரத்திலேயே நின்றாள், நான் மேலிருந்து விளக்கை மெதுவாக அவள் நிற்கிற இடத்துக்கே திருப்பினேன். அன்றைக்கு அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றார். பெயர் சொல்ல மாட்டேன். படிப்பார், புரியும்.

சனிக்கிழமை மாலை ஆறரைக்கு வழக்கம்போல நிகழ்ச்சி இருக்கிறது. வருகிறவர்கள் இடப்பக்கம் மூன்றாம் வரிசையில் மட்டும் உட்காராதீர்கள், மழை வந்தால் அங்கேதான் சொட்டும்.