அமைதிக்காகப் பிரார்த்திக்கிறோம், சரி. யார் மாறணும்னு கேக்கறோம்?

எங்கயாவது ரெண்டு சமூகத்துக்கு நடுவுல கலவரம்னு நியூஸ் வந்ததும் "அமைதிக்காகப் பிரார்த்திப்போம்"னு போஸ்ட் போடறோம். நல்ல விஷயம்தான், அதைக் குறை சொல்ல வரல. ஆனா அந்தப் பிரார்த்தனையில நாம என்ன கேக்கறோம்னு யோசிச்சுப் பாத்தா மனசு கலங்குது. முக்கால்வாசி நேரம் "ஆண்டவா, அவங்களுக்கு நல்ல புத்தியக் குடு"ன்னுதான் கேக்கறோம், அதாவது நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, திருந்த வேண்டியது அவங்கதான்னு. அந்தப் பக்கமும் கண்ண மூடிக்கிட்டு நம்மளப் பத்தி இதேயத்தான் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. ரெண்டு பக்கமும் பக்திக்குக் கொறச்சல் இல்ல, சண்டை மட்டும் நிக்கவே மாட்டேங்குது.

1947 ஏப்ரல்ல டெல்லியில காந்தி நடத்துன மாலைப் பிரார்த்தனைக் கூட்டத்த நெனச்சுப் பாக்கறேன். பஞ்சாப் கலவரத்தால ஜனங்க கொதிச்சுப்போய் இருந்த நேரம். குரான் வசனம் ஓத ஆரம்பிச்சதும் ஒருத்தர் எழுந்து இங்க இதை ஓதக்கூடாதுங்கறாரு. கூட்டத்துல முக்காவாசிப் பேர் பிரார்த்தனை நடக்கணும்னுதான் வந்திருக்காங்க, அந்த ஆள அமுக்கிட்டு மேல போயிருக்கலாம். காந்தி பிரார்த்தனையவே நிறுத்திட்டாரு. அதேசமயம் குரான மட்டும் விட்டுட்டு மத்ததப் பாடலாம்னும் ஒத்துக்கல, நடந்தா முழுசா நடக்கணும் இல்லன்னா வேண்டாம்னு நின்னாரு. பணிவுன்னா எனக்கு இதுதான். கொள்கைய விட்டுக்குடுக்கவும் இல்ல, எதிர்த்தவன மிதிக்கவும் இல்ல.

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியா கதையும் இப்படித்தான். 2003ல உள்நாட்டுப் போர் உச்சத்துல இருக்கும்போது கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை டிரெஸ் போட்டுக்கிட்டு தலைநகர் மன்ரோவியாவுல மீன் மார்க்கெட் பக்கத்துல வெயில்லயும் மழையிலயும் உக்காந்து பிரார்த்தனை பண்ணாங்க. வேற மதத்தோட சேர்ந்து ஜெபம் பண்ணலாமான்னு அவங்களுக்குள்ளயே தயக்கம் இருந்துச்சு, அதத் தாண்டி வந்துதான் உக்காந்தாங்க. அப்புறம் போர நிறுத்தறதுக்கு கானா நாட்டுல நடந்த பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போனப்ப அந்த ஹால் வாசல்லயே மறிச்சு உக்காந்துட்டாங்க. அந்த ஆகஸ்ட்ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. முன்னால நின்ன லேமா போவீக்கு 2011ல நோபல் அமைதிப் பரிசு.

பிரார்த்தனையால மட்டும் போர் நின்னுச்சுன்னு நான் சொல்லல, அரசியலும் நெருக்கடியும் நெறய இருந்துச்சு. ஆனா பக்கத்துல உக்காந்திருக்கறவளோட பிள்ளையும் செத்திருக்கான்னு தெரிஞ்சு கைகூப்பினப்ப "அவங்களுக்கு புத்தியக் குடு"ன்னு கேக்க அங்க யாருக்கும் வாய் வந்திருக்காது.

அதனால கூட்டுப் பிரார்த்தனை நடத்துறவங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். செத்தவங்க பேர வாசிக்கும்போது எதிர்ப்பக்கத்துப் பேரையும் சேர்த்து வாசிங்க. எங்க ஆளுங்க தப்பு பண்ணியிருந்தா அத மறைக்காத மனச எங்களுக்குக் குடுன்னு மைக்ல வாய்விட்டே கேளுங்க. சிலர் முகம் சுளிப்பாங்க, சிலர் எழுந்தே போயிடுவாங்க. அவங்க மேல கோவப்படாதீங்க, ஆனா அடுத்த வாரமும் வாசிங்க.